யார் வெட்டிய மண்?

1

எங்க நைனா மண் வெட்டியவர். பொன்னேரிக்கு மேற்கே ஆரணியாற்றங்கரையில் இருக்கிற எங்கள் சேரியில் அவர் வயசுக்காரர்கள் பாதிப்பேர் மண் வெட்டியவர்கள்தான். அறுப்புக் கூலி இல்லாத மாதங்களில் ஆற்றில் இறங்கி லாரிக்கு மணல் ஏற்றப் போவார்கள். மழை நின்று தை பிறந்தால் செங்கல் சூளைக்குக் களிமண் வெட்டப் போவார்கள். அந்தக் கூலியில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அந்தக் கூலியில்தான் தமிழ் எம்.ஏ. படித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கட்டுரை அந்தக் கூலியைப் பற்றியது.

2021 தொடக்கத்தில், காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டத்திற்கு எதிராகப் பழவேற்காட்டுப் பக்கம் ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. ஜனவரி 22ஆம் தேதி வைப்பதாக இருந்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தை எதிர்ப்புக்குப் பிறகு தள்ளி வைத்தார்கள். அந்த நாட்களில் நானும் துண்டறிக்கைக் கட்டோடு போயிருந்தேன். காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கழிமுகத்தில் இறால் தடவிவிட்டுக் கரையேறி வந்த ஓர் இருளர் ஆயாவிடம் ஒரு தாளை நீட்டினேன். பனையோலைப் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டுதான் வாங்கினார். படிக்கத் தெரியாது என்றார். நான் விளக்கினேன். துறைமுகம் பெரிதானால் கடற்கரை அரிக்கும், ஏரி கெடும், மீன் போகும் என்று மனப்பாடமாக ஒப்பித்தேன்.

கேட்டு முடித்துவிட்டு, "நீ எந்த ஊரும்மா?" என்றார். சொன்னேன்.

"ஆத்தங்கரையா? அவங்க வர்றது இருக்கட்டும். உங்க ஊரு மண்ணுதான் இப்ப எங்க ஏரியில கெடக்குது."

கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீருக்குள் குனிந்து இரண்டு கை சேறு அள்ளி வந்தார். ஒரு கையில் கருஞ்சேறு. "இது பழசு. நாத்தம் வரும். வெரல வுட்டா உள்ள எறா துள்றது தெரியும்." இன்னொரு கையில் இருந்தது வெளிறிய சேறு, மாவு மாதிரி. "இது மேல வந்து படிஞ்சது. வெரலு போவும். உள்ள ஒண்ணும் இருக்காது. சேறு இல்லாம எறா இல்லம்மா. ஆனா எல்லா சேறும் சேறு இல்ல."

நான் அவரிடம் ஒப்பந்தக்காரனைப் பற்றிப் பேசியிருக்கலாம், அரசைப் பற்றிப் பேசியிருக்கலாம். எங்கள் மக்களும் பாதிக்கப்பட்டவர்கள்தான் என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த வெளிறிய சேற்றைப் பார்த்தபோது எனக்கு நைனாவின் மண்வெட்டிதான் ஞாபகம் வந்தது. ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தேன். அன்றிலிருந்து என்னை விடாமல் பிடித்திருக்கிற கேள்வி இதுதான்: மேலே ஒருவன் வெட்டிய மண் கீழே ஒருத்தியின் வயிற்றில் அடித்தால், அதற்கு யார் பதில் சொல்ல வேண்டும்? வெட்டியவன் ஒரு தலித்தாக இருந்தால்? அடிபட்டவள் ஓர் இருளராக இருந்தால்?

2

நியாயம் பேசுவதற்கு முன்னால் மண் எப்படி நகர்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் கூட்டங்களில் இதை யாரும் பேசுவதில்லை. 'சுற்றுச்சூழல்' என்ற ஒரு வார்த்தையில் கட்டி முடித்துவிடுகிறோம்.

ஒரு கரடு. அதன் அடியில் ஓர் ஏரி. கரட்டிலிருந்து ஏரிக்கு இறங்குகிற நாலைந்து ஓடை. ஒரு சிறிய நீர்ப்பிடிப்பு என்பது இவ்வளவுதான். கரட்டில் புல்லும் புதரும் இருக்கிற வரைக்கும் மழைத்துளி நேராக மண்ணில் அடிப்பதில்லை. இலையில் விழுந்து, சருகில் சொட்டி, வேர்வழியாக உள்ளே இறங்குகிறது. புதரை வெட்டி உழுதுவிட்டால் ஐப்பசி மழை வெறும் மண்ணில் அறைகிறது. மண்கட்டி உடைந்து பொடியாகி, அந்தப் பொடியே மண்ணின் கண்களை அடைத்துக்கொள்கிறது. உள்ளே போக வேண்டிய தண்ணீர் மேலாகவே ஓடுகிறது. ஓடும்போது மேல்மண்ணையும் கூட்டிக்கொண்டு போகிறது. ஓர் அங்குல மேல்மண் உண்டாகப் பல நூறு வருசம் ஆகும். அது போவதற்குச் சில மழைக்காலம் போதும்.

உழுத நிலத்தைப் பிளாட் போடுவது அடுத்த மாற்றம். மண்ணைப் புரட்டிச் சமப்படுத்தி, கல் நட்டு, கொடி கட்டிவிட்டு வருசக்கணக்கில் வெறுமனே போட்டு வைப்பார்கள். செங்குன்றத்திலிருந்து பெரியபாளையம் வரைக்கும் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் மேரிலாந்து ஆறுகளை ஆராய்ந்த கார்டன் வோல்மன் 1967இல் இந்த வரிசையை எழுதி வைத்தார். காடாக இருந்தபோது ஓடையில் வந்த மண் கொஞ்சம். உழவு வந்தபோது கூடியது. கட்டடம் கட்ட நிலத்தைத் திறந்துபோட்ட சில ஆண்டுகளில் பல மடங்கு ஏறியது. எல்லாவற்றையும் சிமெண்ட் மூடிய பிறகு நிலத்திலிருந்து வரும் மண் குறைந்தது. ஆனால் உள்ளே இறங்க வழியில்லாத தண்ணீர் வேகமாக ஓடி, ஓடையின் கரையையே தின்னத் தொடங்கியது.

இன்னொன்றும் உண்டு. கிளம்பின மண் எல்லாம் உடனே கீழே போய்ச் சேர்வதில்லை. சரிவின் அடியில் தங்கும், ஓடை வளைவில் தங்கும், ஏரியில் தங்கும். அடுத்த பெருவெள்ளத்தில் மறுபடி கிளம்பும். ஆகவே இன்றைக்கு ஆயாவின் கையில் இருக்கிற சேறு, என் தாத்தா காலத்தில் யாரோ திருத்திய மேட்டு நிலத்து மண்ணாகவும் இருக்கலாம். சின்ன நீர்ப்பிடிப்பில் 'இந்தக் கொல்லை மண்தான் இந்த ஏரியில் கிடக்கிறது' என்று விரல் நீட்டிக் காட்ட முடியும். ஆறு நீள நீள விரல் குழம்பிவிடுகிறது. பொறுப்பு கரைவது அங்கேதான். மண்ணாவது ஏதோ ஓரிடத்தில் படிந்துவிடும். பொறுப்பு எங்கேயும் படிவதில்லை.

எங்கள் பக்கத்து ஆறுகளைப் பாருங்கள். ஆரணியாறு ஆந்திரத்தில் சித்தூர்ப் பக்கத்து மலைகளில் பிறந்து, பிச்சாட்டூர் அணையைத் தாண்டி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரிக்கு வருகிறது. கொசஸ்தலையாற்றின் குறுக்கே சென்னைக்குக் குடிதண்ணீர் தர 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டினார்கள். அதைத் தாண்டி வல்லூர் அணைக்கட்டு வழியாக அது எண்ணூர்க் கழிமுகத்தில் விழுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில், கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும் என்று ஒடுங்கிக் கிடக்கிற மணல்திட்டுதான் காட்டுப்பள்ளி.

அணை ஒரு சல்லடை. பருமணல் அணையில் நின்றுவிடுகிறது. அணைக்குக் கீழே ஆற்றில் மிச்சமிருக்கிற மணலை லாரி எடுத்துக்கொண்டு போகிறது. மணல் எடுத்த பள்ளத்தில் கரை சரிகிறது. சரிந்த கரையின் களியும், சூளைக்கு வெட்டிய குழிகளின் களியும், பிளாட்டுகளின் செம்மண்ணும் தண்ணீரில் கரைந்து சல்லடைக்குத் தப்பிவிடுகின்றன. ஆக, ஏரிக்கு மாவு வருகிறது. கடற்கரைக்கு மணல் வருவதில்லை. ஒரே ஆற்றில் மண் கூடிப்போய் ஓர் இடம் சாகிறது, மண் குறைந்துபோய் இன்னோர் இடம் சாகிறது.

கரைக்கு வந்து சேர்கிற மணலுக்கும் நிம்மதியில்லை. நம் கரையோரம் மணல் வருசக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. 1875இல் சென்னைத் துறைமுகத்திற்குக் கல் போடத் தொடங்கினார்கள். கல்லுக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாகியது. வடக்கே இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மீனவர் குடியிருப்புகளைக் கடல் தின்றது. நாம் குடும்பத்தோடு உட்கார்ந்து சுண்டல் தின்கிற மெரினா மணல், வடசென்னைக்குப் போய்ச் சேராத மணல். அதே கணக்கை 2001இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகமும், 2013இல் வந்த காட்டுப்பள்ளித் துறைமுகமும் இன்னும் வடக்கே கொண்டு போயின. ஏரி மேடானால் உள்ளே வந்து போகிற அலைநீர் குறையும். அது குறைந்தால் பழவேற்காட்டு முகத்துவாரத்தைத் திறந்து வைக்கிற வேகமும் குறையும். கடல் மணல் வந்து வாயை அடைக்கும். மேலிருந்து வருகிற சேறும் பக்கத்திலிருந்து வருகிற மணலும் ஒரே கழுத்தை நெரிக்கின்றன. போதாதென்று அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொண்டுபோகிற குழாய்கள் கசிந்து கொசஸ்தலையாற்றின் அடியில் சாம்பல் படிந்ததும், அது பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதும் எல்லோருக்கும் தெரியும். அதுவும் படிவுதான். அது எந்த மலையிலும் பிறக்காத படிவு.

3

மண் கீழே போவதால் நேரும் நட்டத்தை நீதிமன்றம் கேட்டதே இல்லையா? கேட்டிருக்கிறது.

கலிஃபோர்னியாவில் 19ஆம் நூற்றாண்டில் தங்கம் எடுக்க, குழாயில் தண்ணீரைப் பாய்ச்சி மலைகளையே கரைத்தார்கள். கரைந்த மண் ஆறுகளை மேடாக்கி, கீழே சமவெளி விவசாயிகளின் வயலில் ஏறியது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். 1884இல் நீதிபதி சாயர், சுரங்க மண்ணை ஆற்றில் தள்ளக்கூடாது என்று தடை விதித்தார். அதற்கு முப்பது வருசம் கழித்தும் அந்தப் பழைய மண் ஆற்றில் நகர்ந்துகொண்டிருந்ததை நிலவியலாளர் கில்பர்ட் 1917இல் கணக்கிட்டு வெளியிட்டார்.

மேட்டில் இருப்பவன் தன் இடத்தில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்பதை அந்தத் தீர்ப்பு ஒப்புக்கொள்ளவில்லை. அது நல்ல தீர்ப்புதான். ஆனால் வழக்குப் போட்டவர்கள் கையில் பத்திரம் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அதே ஆறுகளில் சால்மன் மீன் பிடித்து வாழ்ந்த பழங்குடிகள் அந்த வழக்கில் ஒரு தரப்பாக இல்லை. தங்கம் தேடி வந்தவர்களால் அவர்கள் ஏற்கெனவே கொல்லப்பட்டும் துரத்தப்பட்டும் இருந்தார்கள். மண் அவர்களுடைய ஆற்றையும் மூடியது. கேட்கத்தக்க நட்டமாக அது எண்ணப்படவில்லை.

இதைப் படிக்கும்போது எனக்கு எங்கள் மாவட்டம் ஞாபகம் வருகிறது. பொன்னேரி அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டம். அதன் ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி 1891இல் எழுதிய அறிக்கையும், அதன் பிறகு 1892இல் வந்த அரசாணையும்தான் பஞ்சமி நிலத்தின் தொடக்கம். 12 லட்சம் ஏக்கர் என்று இன்றைக்கும் நாம் மேடையில் சொல்கிறோம். அதை மீட்கத்தான் 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அந்தப் போராட்டம் சரி. அது முடியவும் இல்லை.

ஆனால் நிலம் என்று நாம் கேட்டதெல்லாம் சர்வே எண் உள்ள நிலம். எல்லைக்கல்லுக்கு உள்ளே இருப்பது. மண்ணோ எல்லைக்கல்லைத் தாண்டிப் போகிறது. நாலு மழைக்காலத்தில் மேல்மண் முழுக்கப் போனாலும் பட்டாவில் ஒரு சென்ட் குறையாது. அந்த மண் போய் மூடுகிற சேற்றுத் தரைக்கோ எண்ணே கிடையாது. ஆயா நாற்பது வருசமாகத் தடவின இடம் எந்தப் பதிவேட்டிலும் அவர் பேரில் இல்லை. ஏரி மேடானால் அவருக்கு எதுவும் 'போகவில்லை'. ஏனென்றால் காகிதத்தில் அவருக்கு எதுவும் இருந்ததில்லை. நிலவுரிமை பேசுகிற நமக்கே இந்த நட்டத்தைச் சொல்ல வார்த்தை இல்லை என்பதுதான் என்னைக் கலங்க வைக்கிறது.

4

வார்த்தை இல்லை என்று சொன்னேன். தப்பு. ஒரு வார்த்தை இருக்கிறது. புறம்போக்கு.

வரிக் கணக்குக்கு வெளியே விடப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். மேய்ச்சல், ஏரி, கழி, சுடுகாடு என்று எல்லோரும் புழங்குகிற இடம். அது எப்படி வசவுச் சொல் ஆனது? வரி கட்டாத நிலம் உதவாத நிலம் என்று அரசு நினைத்தது. அங்கே பிழைக்கிறவன் உதவாத மனுசன் என்று ஊர் நினைத்தது.

எம்.ஏ. வகுப்பில் எங்களுக்குத் திணை நடத்தினார்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. ஒவ்வொன்றுக்கும் தெய்வம், பூ, பறை, தொழில். ஐந்து பெட்டிகள் மாதிரி மனதில் பதிந்துபோனது. குறிஞ்சியின் மண் ஓடையில் இறங்கி, மருதத்தின் ஏரியில் தங்கி, நெய்தலின் கழியில் படிகிறது என்று யாரும் நடத்தவில்லை. அதே தொல்காப்பியம், அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்கு உள்ளே வைக்காமல் அதன் புறத்தே வைக்கிறது. காதலுக்கும் எங்கள் ஆட்களுக்கு உள்ளே இடமில்லை. நிலத்துக்கும் உள்ளே இடமில்லை. இலக்கணத்தின் 'புறம்' வேறு, கணக்குப்பிள்ளையின் 'புறம்' வேறு என்று பேராசிரியர்கள் சொல்வார்கள். வேறுதான். ஆனால் இரண்டிலும் வெளியே நிற்கிற ஆள் ஒரே ஆள்.

இங்கே ஒரு சுலபமான உவமை கை நீட்டிக் கூப்பிடுகிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு அழுக்கு இறங்குகிறது, சாதியும் அப்படித்தான் என்று எழுதிவிடலாம். நானே ஒரு கவிதையில் எழுதியிருக்கிறேன். இப்போது அந்தக் கவிதை எனக்குப் பிடிக்கவில்லை. சரிவு இயற்கை. தண்ணீர் கீழே ஓடுவதற்கு எவனும் சாத்திரம் எழுதவில்லை. சாதியைச் சரிவோடு ஒப்பிட்டால் சாதியும் இயற்கை என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

நாம் செய்ய வேண்டியது நேர் எதிர். இயற்கை என்று சொல்லப்படுவதற்குள் மனிதர் முடிவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும். தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவது இயற்கை. ஊரை மேட்டில் வைத்துச் சேரியைப் பள்ளத்தில் வைத்தது இயற்கை இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் காலனிக்குள் இடுப்பளவு தண்ணீர். ஊர்த் தெருவில் கணுக்கால் அளவு. வெள்ளம் பாரபட்சம் பார்க்கவில்லை. குடியிருப்புக்கு இடம் பிரித்தவன் பார்த்திருந்தான். அதே மாதிரி மண் அரிப்பது இயற்கை. எந்தக் கரட்டை உழுவது, எந்த ஆற்றில் எத்தனை அடி தோண்டுவது, கல்லை எங்கே கொட்டுவது என்பதெல்லாம் யாரோ கையெழுத்துப் போட்ட காரியங்கள். 'மண் அரிப்பு' என்று சொன்னால் அரிப்பவன் பெயர் வாக்கியத்தில் வராது. இலக்கணம் படித்தவள் என்பதால் சொல்கிறேன், அந்த வாக்கியத்திற்கு ஓர் எழுவாய் வேண்டும்.

5

எழுவாயைத் தேடினால் என் வீட்டில் போய் நிற்கிறது.

அன்று இரவு நைனாவிடம் ஆயா சொன்னதைச் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் வெட்டலன்னா வேற ஒருத்தன் வெட்டியிருப்பான்" என்றார். இதையேதான் ஒப்பந்தக்காரனும் சொல்கிறான். துறைமுகம் கட்டுகிறவனும் இங்கே இல்லையென்றால் வேறு மாநிலத்துக்குப் போய்விடுவேன் என்கிறான். மூன்று வாயிலும் ஒரே வாக்கியம். மூன்றும் ஒன்றா?

ஒன்று இல்லை. இதற்கு எனக்குத் தெரிந்து மூன்று அளவுகோல் உண்டு. முதலாவது, முடியாது என்று சொல்லியிருந்தால் அவன் வீட்டில் அன்று அடுப்பு எரிந்திருக்குமா? இரண்டாவது, வெட்டியதில் வந்த லாபம் யாரிடம் தங்கியது? மூன்றாவது, ஏரி மேடானபின் அங்கிருந்து எழுந்து போக யாரால் முடியும்? இந்த மூன்றிலும் வைத்துப் பார்த்தால் நைனாவின் பங்கு மிகச் சிறியது. ஆனால் அது பூஜ்யம் இல்லை.

ஏன் பூஜ்யம் என்று சொல்லக்கூடாது? தோழர்கள் என்னோடு சண்டை போடுவது இந்த இடத்தில்தான். பாதிக்கப்பட்டவனையே குற்றவாளியாக்குகிறாய் என்கிறார்கள். நான் கேட்கிறேன்: நைனாவுக்கு இதில் பங்கே இல்லை என்றால் அவர் யார்? மண்வெட்டிக்குப் பிடி போட்ட மாதிரி ஒரு கை, அவ்வளவுதானே? ஆண்டைகள் நம்மைப் பற்றி அப்படித்தானே நினைத்தார்கள்? ஏவினால் செய்கிற கை. ஏரியில் சேர்ந்த வண்டலை வாருவது, கரை போடுவது போன்ற ஊர் வழக்கப்படியான பாசன வேலைகளுக்கு ஆட்களைக் கட்டாயப்படுத்த 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டார்கள். வாரின வண்டல் நிலம் உள்ளவன் வயலுக்கு உரமானது. வாரின கைக்கு நிலம் இல்லை. கல்வெட்டுகளில் 'வெட்டி' என்றால் கூலியில்லா உழைப்பு. இன்றைக்கு அந்தச் சொல்லுக்குப் பயனற்றது என்று அர்த்தம். உழைப்பை வாங்கிக்கொண்டு உழைத்தவனை வெறும் கருவியாக்கியதன் வரலாறு அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. பொறுப்பே இல்லை என்று சொல்வது நமக்குக் கருணை மாதிரித் தெரியும். உண்மையில் அது நம்மை மறுபடியும் கருவிப் பெட்டிக்குள் வைத்து மூடுகிறது. பொறுப்பு மனுசனுக்குத்தான் உண்டு.

ஆனால் குற்றம் வேறு, பொறுப்பு வேறு. குற்றத்தை விசாரிப்பவன் மேலே உட்கார்ந்திருக்கிறான். மணல் வழக்கு வந்தால் முதலில் மாட்டுவது லோடு ஏற்றியவனும் மாட்டுவண்டிக்காரனும்தான். அந்த விசாரணைக்கு நைனா பதில் சொல்லத் தேவையில்லை. பொறுப்பு மேல்நோக்கிச் சொல்லும் பதில் அல்ல. அது நம் பக்கத்தில் இருப்பவருக்கும் நமக்குக் கீழே நிறுத்தப்பட்டவருக்கும் சொல்ல வேண்டிய பதில். நைனா தாசில்தாருக்குக் கடன்பட்டவர் இல்லை. ஆயாவுக்குக் கடன்பட்டவர்.

சாதியமைப்பைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் விளக்கினார். ஏறக்குறைய ஒவ்வொரு படியிலும் நிற்பவனுக்குத் தனக்குக் கீழே ஒருவன் கிடைக்கிறான். அதனால் அமைப்பை உடைக்கிற எண்ணம் யாருக்கும் முழுசாக வருவதில்லை. பழவேற்காட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஏரியில் வலை போட 'பாடு' முறை உண்டு. முறை வைத்து, சீட்டுப் போட்டு, சண்டையில்லாமல் மீன்பிடிக்கிற நல்ல ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் பாராட்டுகிறார்கள். அந்தச் சீட்டில் பட்டினவர் தலைக்கட்டுகளின் பெயர் இருக்கும். இருளரின் பெயர் இருக்காது. ஏரிக்கரைத் தலித்துகள் வலை வாங்கி இறங்கியபோதும் பாடு அவர்களுக்கு எளிதில் திறக்கவில்லை. துறைமுகத்தை எதிர்க்கும்போது 'மீனவ மக்கள்' என்று ஒரே பெயரில் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் கடைசிப் படியில் கையால் தடவுகிறவளுக்கு மேலே துறைமுகம் மட்டும் இல்லை. பட்டினவர் வலையும் இருக்கிறது, எங்கள் சேரியின் மண்வெட்டியும் இருக்கிறது.

இன்னும் ஒன்று, இதுதான் என்னைத் தூங்கவிடாதது. ஏரியில் இறால் குறைந்தால் இருளர்கள் எங்கே போவார்கள்? முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் போவார்கள். கொத்தடிமை முறையை 1976இல் சட்டம் ஒழித்தது. அதற்குப் பிறகும் திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளிலிருந்து இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்டுக்கொண்டு வந்ததைப் பத்திரிகையில் படித்துக்கொண்டேதான் இருந்தோம். ஆயாவின் பேரனும் ஒரு சூளையில்தான் இருந்தான். ஏரி மேடாகி அவனைச் சூளைக்குத் துரத்தியது. சூளையில் அவன் மண் வெட்டுகிறான். அந்தக் குழியின் களி மழையில் கரைந்து ஏரிக்கு வருகிறது. பாட்டியின் விரலில் படிவது பேரன் வெட்டிய மண். செங்கல் மட்டும் நகரத்துக்குப் போய் வீடாகிவிட்டது.

6

2023 செப்டம்பர் 5ஆம் தேதி வைத்திருந்த கருத்துக் கேட்பும் தள்ளிப்போன பிறகு, நைனாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி காட்டுப்பள்ளிப் பக்கம் போனேன். மன்னிப்புக் கேட்கக் கூட்டிப் போகவில்லை. அவரே வருகிறேன் என்றார். இரண்டு பேரும் முழங்கால் வலியைப் பற்றியும் எறா விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது நைனா தண்ணீரில் இறங்கிக் கொஞ்சம் சேறு எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார். "சூள மண்ணு மாதிரிதான் கீது" என்றார். ஆயா, "அப்பவே சொன்னன் இல்ல" என்றார். அவ்வளவுதான் நடந்தது. அதில் சமாதானம் எதுவும் இல்லை.

பஸ்ஸில் வரும்போது நைனா சொன்னார்: "எழுது. நான் வெட்ன மண்ணுன்னே எழுது. ஆனா லோடு எத்தினிக்கு வித்தான், எனக்கு எத்தினி குடுத்தான், அதையும் சேத்து எழுது." எத்தனைக்கு விற்றான் என்று அவருக்குத் தெரியாது. இத்தனை வருசம் ஏற்றியவருக்கு ஏற்றுகூலி மட்டும்தான் தெரியும்.

முகத்துவாரத்தைத் தூர்வாரி, கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. படகு போக வழி கிடைக்கும், அது வேண்டியதுதான். ஆனால் மேலே கரடும் ஆறும் திறந்து கிடக்கிற வரைக்கும் கீழே வாரிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆரணியாற்றில் மணல் எடுப்பதைப் பற்றியோ, ஏரி மண் வெட்டுவதைப் பற்றியோ, கரட்டில் பிளாட் போடுவதைப் பற்றியோ முடிவெடுக்கிற இடத்தில், அந்த மண் போய்ச் சேருகிற சேற்றுத் தரையின் ஆட்கள் உட்கார வேண்டும். பாடு வைத்திருப்பவர் மட்டும் இல்லை, கையால் தடவுகிறவரும். பட்டா கேட்கிற நம் கூட்டங்களிலும் அவர்கள் உட்கார வேண்டும். பஞ்சமி நிலம் கேட்கும் நாம், அந்த நிலத்தின் மண் யார் வயிற்றில் போய்ப் படியும் என்பதையும் கேட்டுக்கொண்டுதான் உழ வேண்டும். ஆண்டை இதைக் கேட்டதில்லை. நாம் கேட்காவிட்டால் நிலம் கை மாறும், வேறொன்றும் மாறாது.

இப்போது ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். எங்கள் சேரியில் யார் யார், எந்தெந்த வருசம், எங்கே மண் வெட்டினார்கள், யாருக்கு வெட்டினார்கள், கூலி எவ்வளவு என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி வருகிறேன். லோடு விற்ற விலைக்கு ஒரு பத்தி காலியாக விட்டிருக்கிறேன். அதை நிரப்ப வேண்டியவர்கள் வேறு தெருவில் இருக்கிறார்கள், அவர்களிடமும் போவேன். சிலர் கதவைச் சாத்துகிறார்கள். சிலர் எதற்கு என்று கேட்கிறார்கள். அதே மாதிரி இன்னொரு நோட்டு, காட்டுப்பள்ளியிலிருந்து பழவேற்காடு வரைக்கும் எந்தத் தரை எந்த வருசம் மேடானது என்று எழுத. அதை ஆயா சொல்லச் சொல்ல அவர் பேத்தி எழுதுகிறாள். இரண்டையும் ஒருநாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

என் நோட்டில் முதல் பக்கத்தில் நைனா பெயர் இருக்கிறது.